கரை ஏன் விழவில்லை?

வேங்கூர் ஜமீன்தார் படகில் உட்கார்ந்து கொள்ளிடத்தில் போய்க்கொண்டிருந்தார். கரையோர மரங்கள் பின்னால் நகர்வதைப் பார்த்ததும் அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

"நான் இருந்த இடத்துலதான் இருக்கேன். எனக்குப் பயந்து கரைதான் ஓடுது."

"ஆமா எசமான், கண்ணாலயே பாக்குறேனே" என்றார் கூட வந்த கணக்குப்பிள்ளை.

படகோட்டி சிங்காரி சிரித்துவிட்டாள்.

ஜமீன்தார் முகம் கறுத்தது. "ஓடுறது நான்தான்னு இறங்குறதுக்குள்ள நிரூபி. இல்லேன்னா உன் படகு எனக்கு."

அந்தப் படகை விட்டால் அவளுக்குப் பிழைப்பு இல்லை. துடுப்பை வேகமாகப் போட்டு, படகை நேரே ஒரு மணல்திட்டில் கொண்டுபோய் மோதினாள். படகு சட்டென்று நின்றது. கணக்குப்பிள்ளை விளிம்பைப் பிடித்துத் தப்பினார். ஜமீன்தார் முன்னால் பாய்ந்து, முழங்கால் தண்ணீரில் குப்புற விழுந்தார்.

"என்னையா தள்ளிவிட்டே?"

"நான் தொடவே இல்லீங்க சாமி. படகு நின்னுச்சு, நீங்க ஓடின வேகத்துல போயிட்டீங்க. கரைதான் ஓடுச்சுன்னா, கரைதானே குப்புற விழுந்திருக்கணும்?"

கணக்குப்பிள்ளை திரும்பிக் கரையை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"படகை நீயே வச்சுக்க" என்று முனகிய ஜமீன்தார், மிச்ச தூரத்தைத் தண்ணீரில் நடந்தே கடந்தார்.