ஊறின தண்ணீர்

ரப்பர்த் தோட்டத்து ஓரத்தில் ஒரு சின்ன ஆசிரமம். அங்கே இருந்தது சாமியம்மையும், அவருக்குச் சிஷ்யையாக வந்த நீலம்மையும், செவலை என்ற பசுவும்தான். நீலம்மை வயதில் மூத்தவள். சாமியம்மை அவளை அக்கா என்றே கூப்பிடுவார்.

மகன் தன் புதுவீட்டுப் பால்காய்ச்சுக்கு நீலம்மையைக் கூப்பிடவில்லை. அன்றைக்குக் கிளம்பி வந்தவள்தான். தினமும் பால் கறக்கும்போது செவலையிடம் அதையே சொல்வாள்.

"பெத்தவளுக்கு ஒரு வார்த்தை சொன்னானா, பாரு."

கேட்க வேறு யார் இருக்கிறார்கள்?

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. வைக்கோலும் தீர்ந்தது. மரத்தடியில் ரப்பர்க் கொட்டைகள் மட்டும் சிதறிக் கிடந்தன.

"இதுல நல்ல சத்து இருக்குக்கா. விஷமும் இருக்கு. உடைச்சு ஊறவச்சு, வேகவச்சு, கொஞ்சமாக் கொடுங்க" என்றார் சாமியம்மை.

நீலம்மை உடைத்து ஊறவைத்தாள். பருப்பை அடுப்பில் ஏற்றினாள். ஊறின தண்ணீரைக் கொட்டத்தான் மனசு வரவில்லை. அரிசி களைந்த தண்ணீரைக்கூட மாட்டுக்கு வைத்தே பழகின கை. கழுநீர்த் தொட்டியில் ஊற்றிவிட்டாள். செவலை மடக்மடக்கென்று குடித்தது.

கொஞ்ச நேரத்தில் மூச்சு இரைத்தது. வாயில் நுரை தள்ளியது. கால் மடங்கி விழுந்தது.

"ஐயோ, எனக்குன்னு இருக்கிறது இது ஒண்ணுதானே!"

சாமியம்மை தொட்டியைக் கவிழ்த்துவிட்டு ஓடிப்போய் மாட்டு டாக்டரைக் கூட்டிவந்தார். டாக்டர் ஊசி போட்டார்.

"விஷம் தண்ணியிலதானே இறங்கும்? அதையா மாட்டுக்கு வைப்பாங்க?"

டாக்டர் போனதும் நீலம்மை வெடித்தாள். "தண்ணியைக் கொட்டணும்னு நீங்க சொல்லலையே!"

"சொல்லல. என் தப்புதான்."

சாயங்காலம் செவலை தள்ளாடி எழுந்து நின்றது. நீலம்மைக்கு உயிர் திரும்பி வந்தது. அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு காதோரம் குனிந்தாள்.

"நான் இங்க கிடந்து துடிச்சது அவனுக்குத் தெரியுமா? பால்காய்ச்சுக்கு ஒரு வார்த்தை..."

செவலை காதை ஆட்டியது.

நீலம்மை திரும்பிப் பார்த்தாள். சாமியம்மை நின்றிருந்தார்.

"சாமியம்மா, இத்தனை வருஷமா உங்ககிட்ட ஊறிக் கிடக்கேன். என் கசப்பு மட்டும் ஏன் இறங்கல?"

சாமியம்மை கவிழ்ந்து கிடந்த தொட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"இறங்காம என்னக்கா? தினமும் இறங்கத்தான் செய்யுது. அந்தத் தண்ணியை எங்கே ஊத்துறீங்க?"