படித்துறைத் தீர்மானம்

"பழமைவாதின்னா எல்லாருக்கும் ஒரே அர்த்தம்தானாம்மா?"

கேட்டவர் திருவடியா பிள்ளை. அந்த ஊர் பஞ்சாயத்து போர்டு தலைவர். அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தார்.

உலகம்மை அவரைவிட வயதில் ரொம்பச் சின்னவள். ஊரை விட்டுத் தள்ளி, ஆற்றங்கரையில் ஆசிரமம் கட்டி இருந்தாள். எதையும் முடிவு செய்யும் முன் பிள்ளை அவளிடம்தான் வருவார். எதிரே தரையில் உட்காருவார். ஊருக்குள் அவர் தரையில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

உலகம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"யாரு சொன்னா உங்கள?"

"எம் மவன். சுடுகாட்டுலருந்து வந்தவன் குளிக்கக்கூட இல்ல. வாசல்ல நின்னே சொல்லிட்டுப் போயிட்டான். இன்னும் வீட்டுக்கு வரல."

யாருடைய சாவு என்று அவள் கேட்கவில்லை.

ஊர்ப் படித்துறையில் கீழத்தெருக்காரர்கள் இறங்கக் கூடாது என்பது வழக்கம். அவர்கள் பாறைச் சரிவில்தான் தண்ணீர் எடுக்க வேண்டும். ராக்கு என்ற பெண் குடத்தோடு அங்கே வழுக்கி விழுந்து செத்துப்போனாள். படித்துறையை எல்லாருக்கும் திறந்துவிடும் தீர்மானம் அதற்குக் கொஞ்ச நாள் முன்புதான் போர்டில் தோற்றிருந்தது.

"போர்டு மெம்பர் சங்கரபாண்டியைச் சொல்லட்டும்," என்றார் பிள்ளை. "அவனுக்கு எதுவுமே மாறக் கூடாது. இருக்கது அப்படியே இருக்கணும். இன்னொரு மெம்பர் கோமதிநாயகத்தைச் சொல்லட்டும். அவனுக்கு இருக்கதும் பத்தாது, அவன் தாத்தா காலத்துக்கே திரும்பிப் போவணும். நான் அப்படியா? மாத்தமே வேண்டாம்னா சொன்னேன்? மெதுவா வரட்டும்னேன். ஜனங்க மனசு பக்குவப்படட்டும், அவசரப்பட்டா வெட்டுக்குத்துல போய் நிக்கும்னேன். மூணு பேரையும் ஒரே வார்த்தையில அடைச்சா நியாயமா?"

"நியாயமில்லதான். மூணும் வேற வேற."

பிள்ளைக்கு மூச்சு வந்தது.

"ஓட்டு?" என்றாள் உலகம்மை.

"என்ன ஓட்டு?"

"அதுவும் வேற வேறயா விழுந்துச்சா?"

பிள்ளையின் முகம் சிவந்தது. குரல் உயர்ந்தது.

"பக்குவம்ங்கிற வார்த்தையே நீங்க குடுத்ததும்மா! இத்தன வருஷமா இந்தத் தரையில உக்காந்து நான் வேற என்னத்தப் படிச்சேன்?"

உலகம்மையின் கை நின்றது.

"ஆமா," என்றாள். "நாந்தான் குடுத்தேன்."

கீரை முறத்தைத் தள்ளி வைத்தாள்.

"கீழே நம்ம படியில சுடலி உக்காந்திருக்கா. ராக்குவோட அம்மா. மகளப் பறிகொடுத்ததுலருந்து இங்கதான் கெடக்கா. போயி அவகிட்டச் சொல்லுங்க."

"எதைச் சொல்ல?"

"இப்ப எங்கிட்டச் சொன்னீங்களே, அதை. மூணு பேரும் ஒண்ணில்லன்னு. எனக்கு வாய் வரமாட்டேங்குது."

பிள்ளை எழுந்தார்.

ஆசிரமத்துப் படித்துறைக்கு யாரும் வரலாம், யாரும் இறங்கலாம். கட்டிய நாளிலிருந்தே உலகம்மை அப்படித்தான் வைத்திருந்தாள்.

இறங்கும்போது பிள்ளை சொற்களை அடுக்கிக்கொண்டே போனார். நான் உனக்கு எதிரி இல்லை என்று ஆரம்பிக்கலாம். மற்ற இருவரும் பேசியதை முதலில் சொல்லலாம். மெதுவாக என்ற வார்த்தையை எந்த இடத்தில் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

சுடலி கடைசிப் படியில், முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

செருப்புச் சத்தம் கேட்டுத் திரும்பினாள். முகத்தைப் பார்க்கவில்லை. வெள்ளை வேட்டியைத்தான் பார்த்தாள்.

பதறி எழுந்தாள்.

இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி, தான் உட்கார்ந்திருந்த படியில் ஊற்றினாள். உள்ளங்கையால் தேய்த்தாள். இன்னொரு முறை அள்ளி ஊற்றினாள். பிறகு விலகி, ஓரமாக ஆற்றுக்குள் முழங்கால் அளவுத் தண்ணீரில் போய் நின்றுகொண்டாள்.

"கழுவிட்டேன் சாமி," என்றாள். "எறங்குங்க."