பிரிக்காத எஞ்சின்

கோவை சிங்காநல்லூரில் குப்புராஜ் என்பவர் பழைய பந்தயக் கார்களை வாங்கி விற்று வந்தார். அவருடைய பட்டறையில் சகாயராணி தலைமை மெக்கானிக். பெண் என்று வேறெந்தப் பட்டறையும் சேர்க்காத நாளில் அவளுக்கு வேலை கொடுத்தவர் அவர்தான். அன்றே ஒரு வாக்கும் வாங்கிக்கொண்டார்: எந்த வண்டிக்கு என்ன வேலை நடந்தது என்று வெளியாரிடம் அவள் வாய் திறக்கக் கூடாது. பதினொரு வருடமாக அவள் திறந்ததில்லை.

ஒருமுறை சிவப்புக் கார் ஒன்று வந்தது. எஞ்சின் பிளாக்கில் விரல் நீளத்துக்கு விரிசல். ராணிதான் எஞ்சினைப் பிரித்து, வெல்டு வைத்து அடைத்து, மறுபடி பூட்டினாள். "டவுனுக்குள்ள ஓட்டத் தாங்கும். பந்தயத்துல முறுக்கினா வெடிச்சுரும்ணா" என்று குப்புராஜிடம் அப்போதே சொல்லியும் விட்டாள்.

அந்தக் காரை வாங்கத் தமீம் என்ற இளைஞன் வந்தான். ஞாயிற்றுக்கிழமை பந்தயத்தில் ஓட்டப்போகிறவன்.

"எஞ்சின் பிரிச்ச வண்டிங்களா?"

"கை படாத எஞ்சினுங்க தம்பி. சந்தேகம்னா ராணியையே கேளுங்க" என்றார் குப்புராஜ்.

"சொல்லுங்கக்கா" என்று தமீம் அவள் பக்கம் திரும்பினான்.

ராணி எஞ்சினைப் பற்றிப் பேசவில்லை. சாவியை அவன் கையில் கொடுத்துவிட்டு, காரின் இடப்பக்கக் கதவைத் திறந்து பிடித்தாள்.

"அண்ணா, நீங்க முன்னால ஏறுங்க. நான் பின்னால உக்காந்துக்கறேன். பைபாஸ்ல தம்பி முழுசா முறுக்கிப் பாக்கட்டும்."

குப்புராஜின் கால் நகரவில்லை. "எனக்கு வேலை கிடக்குது" என்றார்.

"பத்து நிமிசந்தாண்ணா. ஏறுங்க."

அவர் நெற்றி வியர்த்துவிட்டது. தமீம் அதைப் பார்த்தான். சாவியைத் திருப்பி வைத்துவிட்டான்.

"வாக்கை முறிச்சிட்டியே!" என்று கத்தினார் குப்புராஜ்.

"எஞ்சினைப் பத்தி ஒரு வார்த்தை பேசினேனா?" ராணி தலை குனியவில்லை.

தமீமுக்கும் அவள்மேல் கோபம். "அவரு துணிஞ்சு ஏறியிருந்தா? என் உசிரை வெச்சா உங்க வாக்கைக் காப்பாத்துவீங்க? நேரா சொல்லியிருக்கணுங்கக்கா."

இந்த மூவரில் யார் சொன்னது நியாயம்?

விடை: தமீம் சொன்னதே. "ராணியையே கேளுங்க" என்று குப்புராஜ் சொன்ன கணமே, தாம் வாங்கிய வாக்கிலிருந்து அவளை அவரே விடுவித்துவிட்டார். அதன் பிறகு அவள் மௌனமாக இருக்கத் தேவையே இல்லை. ராணியும் இதை ஒப்புக்கொண்டாள். அன்றே வேலையை விட்டு, எதிர்ச்சாரியில் சொந்தப் பட்டறை போட்டாள். அடுத்த வாரம் அந்தக் காரைப் பார்க்க வேறொருவர் வந்து நின்றபோது, தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்:

"பிளாக்கு விரிசல் விட்டதுங்க! அடைச்சது நான்தான்!"