பார்த்துக்கொண்ட மூன்று பேர்

பனிக்கரடு மலையில் ஒரு விடுதி இருந்தது. விடுதியும் நல்ல விடுதி, அதில் வேலை பார்த்தவர்களும் நல்லவர்கள். அறிவு மட்டும் மூன்று பேருக்கும் சேர்த்தே கொஞ்சம் இழுபறி. அம்பலவாணன் சமையல், பூவலிங்கம் காவல், குஞ்சிதபாதம் அறைகளைக் கவனிப்பவர். குஞ்சிதபாதம் வயதில் மூத்தவர் என்பதால் யோசிக்கிற வேலையை மற்ற இருவரும் அவரிடமே விட்டிருந்தார்கள். அவரும் முகம் கோணாமல் செய்துவந்தார்.

முதலாளி அகிலாண்டம்மாள் ஒருநாள் மூவரையும் கூப்பிட்டு, வடக்கிலிருந்தெல்லாம் ஆட்கள் வருகிறார்கள், இனி இங்கிலீஷ் இல்லாமல் வண்டி ஓடாது, தீபாவளிக்குள் கற்றுக்கொள்ளாதவர்கள் மலையிறங்கிவிடலாம் என்றார். ஓர் அகராதியையும் கொடுத்தார். "புரியாத வார்த்தை வந்தா பயப்படாதீங்க. பிரிச்சுப் பிரிச்சு அர்த்தம் பாருங்க."

குஞ்சிதபாதத்துக்கு இதை விட்டால் வேறு பிழைப்பு தெரியாது. அன்று முதல் அகராதியைத் தலைக்கு வைத்துத்தான் படுத்தார்.

அடுத்த வாரமே கல்கத்தாவிலிருந்து ஓர் அம்மாள் பூனையோடு வந்து இறங்கினார். அருவி பார்க்கக் கிளம்பும்போது பூனைக் கூடையைக் குஞ்சிதபாதத்தின் கையில் கொடுத்து, "ப்ளீஸ், லுக் ஆஃப்டர் மை கேட்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூவரும் அகராதியைச் சுற்றி உட்கார்ந்தார்கள். லுக் என்றால் பார். ஆஃப்டர் என்றால் பிறகு.

"பூனையைப் பிறகு பாருங்கன்னு சொல்லிட்டுப் போறாங்க" என்றார் குஞ்சிதபாதம்.

"இப்ப ஒரு தடவை பார்த்தா என்னண்ணே?" என்று கேட்டார் பூவலிங்கம்.

"அது லுக் பிஃபோர் ஆயிடும்."

தவறிப்போய்க்கூடப் பூனை கண்ணில் பட்டுவிடக் கூடாதே என்று மூவரும் துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டார்கள். வேலை நிற்க முடியுமா? பூவலிங்கம் வாசலுக்கு வந்த மாட்டுக்குக் கதவைத் திறந்துவிட்டு சல்யூட் அடித்தார். அம்பலவாணன் ரசத்தை ஒரு விருந்தாளியின் சட்டைப்பையில் ஊற்றினார். குஞ்சிதபாதம் மாடி அறையில் போர்வையை ஒழுங்காக மடித்தார், உள்ளே தூங்கிக்கொண்டிருந்தவரையும் சேர்த்து.

நடுவில் சமையலறையிலிருந்து சத்தம் வந்தது.

"மீன் சட்டி உருளுற மாதிரி கேக்குதண்ணே" என்றார் அம்பலவாணன்.

"கேக்கலாம், தப்பில்ல. பார்க்கத்தான் கூடாது."

சாயங்காலம் அம்மாள் திரும்பியதும் மூவரும் துண்டை அவிழ்த்தார்கள். குஞ்சிதபாதம் கூடையைத் திறந்து ஆசைதீரப் பார்த்தார். கூடை காலி. அந்த அம்மாள் அழுத அழுகையில் விடுதியே கூடிவிட்டது. கடைசியில் பூனை அரிசி டிரம்மின் மேல் கிடைத்தது. மீன் தின்ற மயக்கத்தில் அதற்கு யாரையும் அடையாளம் தெரியவில்லை.

அகிலாண்டம்மாள் தலையில் கைவைத்துக்கொண்டார். லுக் ஆஃப்டர் என்றால் பார்த்துக்கொள், இதைத் தமிழிலேயே சொல்லியாயிற்று, இன்னொரு தடவை இப்படி நடந்தால் மூட்டை கட்ட வேண்டியதுதான் என்றார். மனசு கிடந்து அடித்துக்கொண்டும் ஒருமுறைகூட எட்டிப் பார்க்காத தன் கட்டுப்பாட்டை யாரும் மெச்சவில்லையே என்று குஞ்சிதபாதத்துக்கு வருத்தம். ஆனாலும் இந்த முறை பிசகக் கூடாது என்று புது அர்த்தத்தையும் பிரித்தே படித்தார்.

"பார்த்து, கொள். முதல்ல நல்லாப் பார்க்கணும். அப்புறம் எடுத்துக்கணும்."

"அடுத்தவங்களோடதை எடுத்துக்கிறது தப்பில்லையாண்ணே?" என்றார் பூவலிங்கம்.

"அவங்களே ப்ளீஸ்னு கெஞ்சுறாங்களேப்பா."

பூனை ஊருக்குப் போன கொஞ்ச நாளில் பம்பாயிலிருந்து ஒருவர் தன் வயதான அப்பாவோடு வந்தார். அப்பா நன்றாகத் தமிழ் பேசுவார். அங்கேயே பிறந்து வளர்ந்த மகனுக்கு ஒரு வார்த்தை வராது. காலையில் மகன் ஏதோ வேலையாக வெளியே புறப்பட்டார். வராந்தாவில் சாய்வு நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்த பெரியவரைக் காட்டி, "ப்ளீஸ், லுக் ஆஃப்டர் மை ஃபாதர்" என்றார்.

மூவரும் பெரியவரைச் சுற்றி நின்று, தலை முதல் கால்வரை பார்த்தார்கள். பார்த்தாயிற்று. இனி யார் கொள்வது? அம்பலவாணன் வீட்டில் ஏற்கெனவே ஓர் அப்பா இருக்கிறார், இன்னொருவர் வந்தால் வெற்றிலைப்பெட்டிக்குச் சண்டை வரும். பூவலிங்கத்தின் காவல் கொட்டகையில் அவருக்கே கால் நீட்ட இடமில்லை. குஞ்சிதபாதமோ நினைவு தெரிவதற்கு முன்பே அப்பாவை இழந்தவர். இந்த வயதில் தனக்கு ஓர் அப்பா வாய்க்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பெரியவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு சரிவில் குஞ்சிதபாதத்தின் வீட்டுக்கு இறங்கினார்கள். வாசலுக்கு வந்த மனைவி செண்பகம் யார் இவர் என்று கேட்க, "உன் மாமனார்" என்றார் குஞ்சிதபாதம். இத்தனை வருஷமாக இல்லாத மாமனார் திடீரென்று வந்ததில் அவள் பதறிப்போய் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தோசைக்கல்லை அடுப்பில் ஏற்றினாள்.

பெரியவர் கண் விழித்தார். புது வீடு, புது முகங்கள். முன்னால் முறுகலாக ஒரு தோசை, பக்கத்தில் காரச் சட்னி. பம்பாயில் அவருக்கு மூன்று வேளையும் ஓட்ஸ் கஞ்சிதான். எங்கே இருக்கிறோம் என்று அவர் கேட்கவே இல்லை. இன்னொரு தோசை இருக்குமா என்று மட்டும் கேட்டார்.

பொழுது சாயும் நேரத்தில் மகன் மூச்சிரைக்க ஓடிவந்தார், பின்னால் அகிலாண்டம்மாள். உள்ளே பார்த்தால் பெரியவர் சம்மணம் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அடுத்த சட்னி இன்னும் அரைபடவில்லை, அதற்குள் எழுந்திருக்க முடியாது என்று சொல்லிவிட்டார்.

மகன் குஞ்சிதபாதத்தின் சட்டையைப் பிடித்து, "ஹி இஸ் மை ஃபாதர்!" என்று கத்தினார்.

குஞ்சிதபாதத்துக்குக் கோபம் வரவில்லை. பம்பாயில் படித்த மனிதர் இப்படித் தப்பும் தவறுமாக இங்கிலீஷ் பேசுகிறாரே என்று இரக்கம்தான் வந்தது. அவர் தோளில் ஆதரவாகக் கைபோட்டுச் சொன்னார்:

"மை ஃபாதர் இல்லண்ணே. இனிமே நம்ம அப்பா, அவர் ஃபாதர்னு சொல்லணும்."