தங்கக் கரண்டி தொட்ட பாயசம்

முன்னொரு காலத்தில் செங்கழுநீர்ப்பட்டணத்தை வல்லபராயன் என்றொரு ராஜா ஆண்டு வந்தார். நல்லவர்தான். என்ன, காலையில் ஒரு சட்டம் போடுவார், மத்தியானமே அதை மறந்துபோவார். ஒரு நாள் அரண்மனைத் தோட்டத்துப் பலாச்சுளையை மூக்குமுட்டத் தின்றுவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, “ஊரில் விற்கிற சாப்பாடே சரியில்லை!” என்று கத்தினார். பலாச்சுளைக்கும் கடைத்தெருவுக்கும் என்ன சம்பந்தம் என்று ராஜாவிடம் யார் போய்க் கேட்பது?

“அதிகாரி ருசி பார்த்த பிறகுதான் எந்தக் கடையிலும் விற்கலாம்” என்று உத்தரவு பிறந்தது. அந்தப் பதவி கனகசபேசருக்குக் கிடைத்தது. மந்திரி பூதனாருக்கு நடக்கிற மரியாதையைப் பார்த்துப் பார்த்துப் பொருமிக்கொண்டிருந்த மனுஷர். கையில் ராஜமுத்திரை பதித்த தங்கக் கரண்டி வந்ததும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. தினமும் கடைத்தெருவுக்குப் போவார். ஒவ்வொரு பாத்திரத்திலும் கரண்டியை விட்டு உறிஞ்சுவார். பட்டுத்துணியில் துடைத்துவிட்டு அடுத்த கடைக்கு நகருவார். கருவாட்டுக் குழம்புக் கடையை மட்டும் மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டிவிடுவார்.

கருவாட்டுக் கடைக்குப் பக்கத்தில் செம்பாயியின் பாயசக் கடை. அந்தக் கரண்டியைக் கண்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

“வாயில வச்சதைத் திரும்ப அண்டாவுல விடுறீங்களே சாமி, எச்சில் இல்லையா?”

“ராஜமுத்திரைக்கு ஏதடி எச்சில்? கங்கைக்குத் தீட்டு உண்டா? நீ முதலில் அண்டாவை மூடி வை. ஈ மொய்க்கிறது பார்.”

“என் கடை, என் அண்டா, என் இஷ்டம்!” என்றாள் செம்பாயி. வாய்க்கு மூடி கிடையாது, அண்டாவுக்கும் கிடையாது.

கொஞ்ச நாளில் ஊரெல்லாம் பேதி கண்டது. “பாயசக்காரிதான் காரணம். கடைக்குச் சீல் வையுங்கள்!” என்றார் கனகசபேசர். புருஷன் போன பிறகு அந்த ஒரு அண்டாவை வைத்துத்தான் மூன்று பெண்களுக்குச் சோறு போட்டுவந்தாள் செம்பாயி. அழுதுகொண்டே சபைக்கு ஓடினாள்.

“மகாராஜா! எல்லாக் கடையில தின்னவங்களுக்கும்தான் பேதி. கருவாட்டுக் கடையில தின்னவங்க மட்டும் கல்லு மாதிரி இருக்காங்க. அங்க மட்டும் இவர் கரண்டி போகலையே!”

பூதனார் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“மந்திரியார் பாயசத்துக்கு வக்காலத்து வாங்கப்போகிறாரா?” என்று கனகசபேசர் இளித்தார்.

“ஐயையோ, நான் சட்டத்தின் பக்கம்! எல்லாக் கடையும் என்பதுதானே உத்தரவு? நாளைக்கு மன்னரும் வரட்டும். நீங்கள் விட்டுப்போன கருவாட்டுக் கடையிலிருந்தே ஆரம்பியுங்கள். அடுத்துப் பாயசம். நீங்கள் சோதித்த பிறகு மன்னர் ஒரு கிண்ணம் குடிப்பார்.”

மறுநாள் தெருவே கூடிவிட்டது. கனகசபேசர் கண்ணை மூடிக்கொண்டு கருவாட்டுக் குழம்பை உறிஞ்சினார். கரண்டியைப் பட்டில் துடைத்தார். பிறகு பாயசத்தில் விட்டுக் கலக்கினார். ராஜா ஆசையாகக் கிண்ணத்தை வாயில் வைத்தாரோ இல்லையோ, முகம் எட்டுக் கோணலாகிவிட்டது.

“தூ! பாயசமா இது? கருவாடு நாறுகிறது!”

“பாயசத்தில் குறையில்லை மன்னா. கரண்டியோடு வந்த வாடை” என்றார் பூதனார். “வாடையாவது மூக்குக்குத் தெரிந்தது. பேதி தெரியாமலே கடை கடையாகப் போயிருக்கிறது.”

ராஜாவுக்கு ஆத்திரம் பொங்கியது. “அப்படியானால் சட்டமே வேண்டாம்! அவரவர் கடை, அவரவர் இஷ்டம்!”

கடைக்காரர்கள் குதித்தார்கள். செம்பாயி போட்ட குலவைச் சத்தம்தான் பெரிது.

“நல்லது மன்னா” என்று பூதனார் அண்டாவுக்குள் காட்டினார். “அப்படியே இன்னொரு கிண்ணம் குடியுங்கள்.” உள்ளே இரண்டு ஈ நீச்சலடித்துக்கொண்டிருந்தன.

ராஜா செம்பாயியைப் பார்த்தார். “கடை உன்னுடையதுதான் தாயி. குடிக்கிறவன் வயிறும் உன்னுடையதா?”

செம்பாயிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்தப் பாயசத்தைக் கீழே கொட்டிவிட்டு, மூடி வாங்க ஓடினாள்.

அன்றைக்கு ராஜா போட்ட சட்டம் இது: கடைக்காரர் பாத்திரத்தை மூடி வைக்க வேண்டும். அதிகாரி சோதிக்கலாம்; ஆனால் உள்ளே நுழையுமுன் தன் கையைக் கடைக்காரரிடம் நீட்டிக் காட்ட வேண்டும். தங்கக் கரண்டியை விற்றுத் தெருவுக்கு ஒரு கிணறு வெட்டச் சொன்னார். பூதனாருக்குத் தன் தோளில் கிடந்த பீதாம்பரத்தையே எடுத்துப் போர்த்தினார். ஆச்சரியம், இந்தச் சட்டம் மத்தியானத்துக்குப் பிறகும் அவருக்கு நினைவிருந்தது.

கிணற்றில் தண்ணீர் கண்ட மறுநாள், பாயசக் கடை வாசலில் ஒரே கூட்டம். முன்னால் நின்ற கனகசபேசர் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி இரண்டு கையையும் நீட்டினார். செம்பாயி திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“நகத்துல அழுக்கு இருக்கு சாமி. கழுவிட்டு வாங்க.”

தெருவே சிரித்தது. கனகசபேசர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு கிணற்றடிக்கு நடந்தார்.

அவருக்குப் பின்னால் பாயசம் குடிக்க வந்து நின்ற ராஜா, தன் இரண்டு கையையும் மெதுவாக முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.