அரைக்காதன் கற்ற சொல்

குளத்தங்கரைத் தோட்டம் ஒன்றில் புள்ளிக்காரி என்ற கோழி ஒன்பது முட்டைகளை அடைகாத்துக்கொண்டிருந்தது. குஞ்சு பொரிக்க இன்னும் மூன்றே நாள். அந்த மூன்று நாளும் என்ன வந்தாலும் அது கூடையை விட்டு எழுந்து ஓட முடியாது. வேலிக்கு அந்தப் பக்கம் ஆவாரம் புதரில் ஒரு நரி இருந்தது. அதுதான் கவலை.

நரியின் பெயர் அரைக்காதன். குட்டியாக இருந்தபோது ஒரு பொறி அதன் பாதிக் காதைப் பிடுங்கிக்கொண்டது. அன்றிலிருந்து அது எதையும் மூன்று தடவை பார்க்காமல் நம்புவதில்லை. தோட்டக்காரி பேச்சியக்கா கூண்டு வைத்து, உள்ளே கருவாடு கட்டிப் பார்த்தாள். நரி கூண்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, அதன் மேல் காலைத் தூக்கிவிட்டுப் போனது. வேலியெல்லாம் தகர டப்பா கட்டினாள். இரண்டு நாள் தூரத்தில் உட்கார்ந்து பார்த்தது. மூன்றாம் நாள் ஒரு டப்பா கூட அசையாமல் புகுந்து, ஒரு சேவலைத் தூக்கிப் போனது. அது பயந்ததெல்லாம் சடையன் என்ற நாய்க்கு மட்டும்தான்.

அந்தச் சடையனுக்கு இப்போது வெளியூர் வேலை வந்துவிட்டது. பேச்சியக்காவின் தங்கை வீட்டுக் கடலைக் காட்டில் பன்றிகள் புகுந்துவிட்டனவாம். இரண்டு நாள் காவலுக்கு நாய் வேண்டுமாம். வண்டி கிளம்பும் நேரத்தில் சடையன் கூடையருகே வந்தது.

“தங்கச்சி, அப்ப நான் வர்றேன்” என்றது.

உடனே ஆவாரம் புதர் படபடவென்று ஆடியது. அரைக்காதன் வால் தெறிக்கக் கரையேறி ஓடியது.

“நாளன்னிக்கு உச்சிவேளைக்குள்ள வந்துடுறேன். பயப்படாத” என்று சடையன் முடித்தது. அந்தப் பின்பாதியைக் கேட்க நரி அங்கே இல்லை. பேச்சியக்கா ஏறிய வண்டிக்குப் பின்னால் நாய் போய்விட்டது.

வேப்பமரத்தில் கட்டியிருந்த தாடிக்காரக் கிடா விழுந்து விழுந்து சிரித்தது. புள்ளிக்காரி சிரிக்கவில்லை, யோசித்தது. போகிறவர் ‘வர்றேன்’ என்று சொல்வது இங்கே கோழிக்குஞ்சுக்கும் தெரியும். நரிக்குத் தெரியவில்லையே, ஏன் என்று கிடாவிடம் கேட்டது.

“யார் வீட்டுக்குள்ளயாவது சொல்லிட்டுப் போயிருக்கானா, சொல்லிட்டு வந்திருக்கானா? அவனை யாரு ‘போயிட்டு வா’ன்னு வழியனுப்பியிருக்கா?” என்றது கிடா.

மத்தியானம் நரி மெல்லத் திரும்பி வந்தது. நாயின் வாடை மங்கியிருந்தது. வேலிக்கு வெளியே நின்றபடி, சடையன் எங்கே என்று விசாரித்தது. கொட்டகைக்குப் பின்னால் தூங்குகிறது என்று சொல்லச் சொல்லிக் கிடா கிசுகிசுத்தது. ஆனால் புள்ளிக்காரிக்குப் பொய் வராது. சொன்னால் குரல் நடுங்கும், நரி கண்டுபிடித்துவிடும். அதனால் நடந்ததைச் சொன்னது.

“காலையில ‘வர்றேன்’னு சொன்னாரு. இன்னும் வரல.”

நரியின் முதுகு மயிர் நட்டுக்கொண்டது. மறு நொடி அதைக் காணோம்.

அன்று சாயங்காலம் பக்கத்துத் தோட்டத்து மொக்கையன் வந்தார். தீனி போட்டார், தண்ணீர் ஊற்றினார், வேலிப் படலைச் சாத்தினார். “சரி, நான் வர்றேன்” என்று கிடாவிடம் சொல்லிவிட்டுத் தன் வீட்டுக்கு நடந்தார். புதருக்குள் ஓடத் தயாராக நின்ற நரி திகைத்தது. மறுநாள் காலையிலும் அப்படியே. சாயங்காலமும் அப்படியே. வர்றேன் என்று சொன்னவர் ஒவ்வொரு தடவையும் போனார். ஆக மூன்று தடவை.

மூன்றாம் நாள், உச்சிக்குச் சற்று முன்னால், அரைக்காதன் படலைத் தள்ளிக்கொண்டு நேர்வழியில் உள்ளே வந்தது. மற்ற கோழிகள் வேப்பமரத்தில் ஏறிக்கொண்டன. நரி கூடைக்கு எதிரில் சாவகாசமாக உட்கார்ந்தது. புதிதாக ஒன்றைக் கற்றவன் அதை யாரிடமாவது சொல்லாமல் இருக்க மாட்டான். அரைக்காதனுக்குச் சொல்ல வேறு யாரும் கிடையாது. தின்னப்போகிற கோழியிடமே சொன்னது.

“அம்மணி, உங்க பேச்சு எனக்குப் பிடிபட்டுப் போச்சு. இங்க ‘வர்றேன்’னா ‘போறேன்’னு அர்த்தம். உங்க நாய் போய் மூணு நாளாச்சு.”

புள்ளிக்காரியின் வயிற்றுக்கு அடியில் ஒரு முட்டைக்குள்ளிருந்து டொக் டொக் என்று சத்தம் கேட்டது.  அப்போது படலோரக் கம்பத்தின் நிழல் சுருங்கிக் கம்பத்தின் காலடிக்கே வந்துவிட்டது அதன் கண்ணில் பட்டது. சடையன் சொன்ன வேளை இதுதான்.

“நாங்க அப்படித்தான் சொல்லுவோம். நீங்க எப்படிக் கண்டுபிடிச்சீங்க?” என்று கேட்டது.

நரி முதல் சாயங்காலத்திலிருந்து ஆரம்பித்தது. காற்று எந்தப் பக்கம் அடித்தது, மொக்கையன் எந்தக் காலை முதலில் வைத்தார் என்று ஒன்று விடாமல் சொன்னது. முடியும் நேரத்தில் கிடா குறுக்கே புகுந்தது. “மாப்ளே, அந்த ரெண்டாவது தடவை நடந்ததை மட்டும் இன்னொரு தரம் சொல்லேன்.” நரி அதையும் சொன்னது.

அப்போது குளத்துக் கரையிலிருந்து ஒரு குரல் வந்தது. “தங்கச்சி, நான் வர்றேன்!”

அரைக்காதன் பாதிக் காதைத் தூக்கியது. பிறகு சிரித்தது. “கேட்டியா? போறான்.”

குரல் இன்னும் பக்கத்தில் கேட்டது. “வர்றேன், வர்றேன்!”

“ரெண்டு தடவை சொல்றான். ரொம்பத் தூரம் போறான் போலிருக்கு” என்று நரி மீசையை நக்கிக்கொண்டது.

புள்ளிக்காரி முதல் தடவையாக அதை நேருக்கு நேர் பார்த்தது. “அப்ப நீங்களும் போயிட்டு வாங்க” என்றது மரியாதையாக.

“நானா? நான் எங்க…”

சொல்லி முடிப்பதற்குள் சடையன் வேலியைத் தாண்டி அதன் வாலைக் கவ்விவிட்டது. கவ்வியதில் பாதி வால் சடையனிடமே தங்கிவிட்டது. மீதியோடு அரைக்காதன் கரையேறி ஓடியது. “போறேன், போறேன், நான் போறேன்!” என்று அது கத்தியது குளத்துக்கு அக்கரையிலும் கேட்டது.

“‘போறேன்’னா சொல்லிட்டுப் போவாங்க? முறை தெரியாத ஆளு” என்றது கிடா.

ஆனால் நரி அந்தச் சொல்லைக் காப்பாற்றியது. அப்புறம் அது அந்தப் பக்கம் வரவே இல்லை. அன்று சாயங்காலம் ஒரு கூமுட்டை போக எட்டுக் குஞ்சுகள் கூடையிலிருந்து எட்டிப் பார்த்தன. மொக்கையன் அவற்றைப் பார்த்துவிட்டு, வழக்கம்போல ‘வர்றேன்’ என்று சொல்லிவிட்டுப் போனார்.

யாரோடும் கூடி வாழாமல், ஒளிந்திருந்து ஒட்டுக்கேட்டுக் கற்ற பேச்சு, கற்றவன் காலையே வாரிவிடும்.