உயிரே இல்லாத கடல்

தனக்குத் தெரியாதது கடலிலும் இல்லை என்று நம்பும் கம்பெனி மேலாளர் ஒருவர் இருந்தார். கரையோரக் கடல்புல் திட்டைப் பல்லுயிர்ச் சட்டப்படி பாதுகாப்பதா, அவருடைய துறைமுகத்துக்குக் கொடுப்பதா என்று முடிவு செய்யக் கலெக்டரம்மா படகில் வந்தார்.

“கீழே வெறும் சேறு மேடம். ஒரு பூச்சிகூடக் கிடையாது,” என்றார் மேலாளர்.

அந்தத் திட்டில் நண்டு பிடித்துப் பிழைக்கும் இன்னாசியம்மா, அன்று படகில் டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். “நிறைய உயிர் இருக்கு மேடம்,” என்றாள். மேலாளர் அவளிடம், “உயிர் இருக்குன்னா இப்பவே காட்டு, பார்ப்போம்,” என்றார்.

“நான் எதுக்கு சார்? இடுப்பளவு தண்ணிதான். செருப்பைக் கழட்டிட்டு நீங்களே இறங்கி நாலு எட்டு நடங்க. அப்புறம் நான் வாயே திறக்கல.”

மேலாளர் காலை இழுத்துக்கொண்டார். “விளையாடறியா? திருக்கை மீன் முள்ளு குத்தினா காலே போயிடும்.”

“பூச்சிகூட இல்லாத சேத்துல திருக்கைக்கு என்ன சார் வேலை?”

கலெக்டரம்மா உதவியாளரிடம் திரும்பினார். “திருக்கை இருக்குன்னு கம்பெனியே சொல்லுது, எழுதிக்கோங்க.”

திட்டு பிழைத்தது.